வடக்கு நார்வேல ஷெரிங்ஓய் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் நார்வே வடக்குல பூடோ டவுன்ல இருக்கேன். சம்மர் வந்தா போதும், ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், ஜெர்மனின்னு எங்கெங்க இருந்தோ தெரிஞ்சவங்க கிளம்பி வந்துடுவாங்க, வர்றவங்க எல்லாரையும் நான் மொதல்ல கூட்டிட்டுப் போற இடம் ஷெரிங்ஓய்ங்கிற பழைய மீன் யாவார கிராமம்தான். டிக்கெட் போட்ட அன்னிக்கே வாட்ஸப்ல கேள்வி ஆரம்பிச்சிடும், எல்லாரும் கேக்குறது முக்கால்வாசி ஒரே கேள்விங்கதான், அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நீளமா இருக்கேன்னு பாதியில விட்டாலும் பரவால்ல, கணக்கு நோட்டு பத்தின பதிலை மட்டும் படிச்சிட்டுப் போங்க. அது தெரியாம போனா கடலையும் மலையையும் ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடுவீங்க, அந்த ஊரு என்னன்னே தெரியாமப் போயிடும்.

பேரை எப்படி சொல்றது? என்ன அர்த்தம்?

போர்டுல பாத்தா கே, ஜேன்னு ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கும், அதைப் பாத்து எல்லாரும் என்னென்னவோ படிப்பாங்க. அந்த ரெண்டு எழுத்தும் சேந்து வந்தா நார்வேஜியன்ல கிட்டத்தட்ட நம்ம ஷ மாதிரி ஒரு சத்தம், அதனால ஷெரிங்ஓய். ஷெரிங்னா கிழவி, ஓய்னா தீவு, கிழவித்தீவுன்னு வச்சிக்கலாம். தெக்கு நார்வேல யாரையாச்சும் ஷெரிங்னு கூப்பிட்டா மூஞ்சி மாறிடும், வடக்குல பொண்டாட்டியப் பாசமாவே அப்படி சொல்ற பெரியவங்க இருக்காங்க.

அப்போ அது தீவா?

இல்ல. நிலத்தோட ஒட்டின தீபகற்பம். ஆனா பூடோலேர்ந்து போறப்போ நடுவுல ஒரு ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள்ள நீளமா புகுந்த கடல், குறுக்க வந்துடும், அதைச் சுத்திட்டு போக ரோடு கிடையாது, ஃபெர்ரி ஏறித்தான் ஆகணும். அதனால போறவங்களுக்கு தீவுக்குப் போன மாதிரிதான் இருக்கும். 1906லேர்ந்து தனி முனிசிபாலிட்டியா இருந்த ஊரு, 1964ல பக்கத்து பூடின்கூட சேத்தாங்க, 1968ல அந்த பூடினையே பூடோகூட சேத்துட்டாங்க. இப்ப அங்க நிரந்தரமா இருக்கிறது சில நூறு பேர்தான்.

எவ்ளோ வடக்கு? செத்துடுவோமா குளிர்ல?

பூடோலேர்ந்து வடக்கால சுமாரா 40 கிலோமீட்டர். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ஒரு டிகிரி மேல, 67 டிகிரி சொச்சம். மேப்ல பாத்தா பயமாத்தான் இருக்கும், ஆனா அட்லாண்டிக்ல தெக்குலேர்ந்து வர்ற வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி ஓடுறதால கடல் உறையாது, ஜனவரியில கூட சராசரி பாத்தா ஜீரோவுக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கும். உள்நாட்டுல மைனஸ் 30ன்னு போறப்போ இங்க ஈரக்காத்தும் மழையும் பனியும் கலந்து அடிச்சிட்டு இருக்கும். குளிரை விட காத்துதான் தொந்தரவு, காத்து புகாத ஜாக்கெட் ஒண்ணு கட்டாயம் எடுத்துட்டு வாங்க, ஜூலையா இருந்தாலும் சரி.

இந்த உறையாத கடல் இருக்கே, அதை மனசுல வச்சிக்கோங்க. குளிர்காலத்துல இங்க மீன் பிடிக்க முடிஞ்சதே அதனாலதான்.

சின்ன கிராமம்தானே, அப்படி என்ன பெரிய யாவார ஸ்தலம்?

இடம்தான் காரணம். பேர்கன்ங்கிற துறைமுக நகரம் தெக்குல இருக்கு, ஃபின்மார்க் வடகோடியில இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல போற கப்பல் பாதையில ஷெரிங்ஓய் உக்காந்திருக்கு. கப்பல் ஒதுங்க நல்ல துறை. எதுத்தாப்ல வெஸ்ட்ஃபியோர்டுங்கிற பெரிய கடல் பரப்பு, அதைத் தாண்டினா லோஃபோட்டன் தீவுங்க. வருஷா வருஷம் ஜனவரி வாக்குல பேரன்ட்ஸ் கடல்லேர்ந்து காட் மீன் கூட்டம் கூட்டமா முட்டை போட லோஃபோட்டன் பக்கம் வரும், அந்த மீனுக்கு ஸ்க்ரைன்னு தனிப் பேரே உண்டு. ஏப்ரல் வரைக்கும் சீசன். அந்த சீசனுக்கு ஆயிரக்கணக்கான ஆளுங்க பாய்மரம் கட்டின திறந்த படகுல போவாங்க, வெஸ்ட்ஃபியோர்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி சாமான் வாங்கணும், காத்து அடங்கணும்னு ஒதுங்கி நிக்கிற இடங்கள்ல இது ஒண்ணு.

அந்தத் துறைக்கு மேல ஒரு யாவாரி குடும்பம் 1700களோட கடைசி, 1800களோட தொடக்கத்துலேர்ந்து வேர் விட்டுச்சு. கடை, குடோன், படகுத்துறை, தங்குற எடம், பண்ணை, மாட்டுத்தொழுவம் எல்லாம் ஒரே ஆளோட வளாகத்துக்குள்ள. அந்தக் காலத்துல வடக்கு நார்வேல இந்த மாதிரி யாவார மனைங்க கடற்கரை நெடுக இருந்துச்சு. இவ்ளோ முழுசா, உள்ள இருந்த சாமான் சட்டியோட மிஞ்சி நிக்கிறது ரொம்பக் கம்மி, ஷெரிங்ஓய்ல 15 பழைய கட்டிடம் அப்படியே இருக்கு.

என்ன சரக்கு யாவாரம் பண்ணாங்க?

ஒரே வார்த்தையில சொன்னா கருவாடு. ஆனா உப்பு போடாத கருவாடு.

இதை நேர்ல பாத்தாத்தான் நம்புவீங்க. மீனைத் தலை எடுத்து, குடல் எடுத்து, ரெண்டு ரெண்டா வாலுல கயிறு கட்டி, மரக்கழி அடிச்ச பெரிய பந்தல்ல தொங்க விட்டுடுவாங்க. அந்தப் பந்தலுக்கு யெல்னு பேரு. பிப்ரவரி, மார்ச்ல தொங்க விட்டா மே, ஜூன் வரைக்கும் அங்கயே ஆடிட்டு இருக்கும். அந்த மாசங்கள்ல சூடு ஜீரோவை ஒட்டியே ஏறி இறங்கும், ரொம்ப உறைஞ்சா சதை உடைஞ்சு பஞ்சு மாதிரி ஆகிடும், ரொம்ப சூடானா ஈ மொய்க்கும், இங்க ரெண்டும் இல்லாம நடுவுல நிக்குது. காத்தே தண்ணிய எல்லாம் உறிஞ்சிடும், எடையில அஞ்சுல ஒரு பங்குதான் மிஞ்சும். கையில எடுத்து ரெண்டு மீனைத் தட்டிப் பாருங்க, கட்டையும் கட்டையும் மோதுற சத்தம் வரும். இது வருஷக்கணக்குல கெடாது. சமைக்கணும்னா சுத்தியலால அடிச்சு, ஒரு வாரம் போல தண்ணி மாத்தி மாத்தி ஊற வைக்கணும்.

1432ல வெனிஸ் நகரத்து யாவாரி பியெத்ரோ குவெரினி கப்பல் உடைஞ்சு லோஃபோட்டனோட கடைக்கோடியில இருக்கிற ரெஸ்ட் தீவுல கரை ஒதுங்கினாரு. அந்தத் தீவு மீனவங்க அவரையும் கூட வந்தவங்களையும் காப்பாத்தி வீட்டுல வச்சி சோறு போட்டாங்க. ஊருக்குப் போய் அவர் எழுதி வச்சதுல இந்த மீனைக் காய வைக்கிற விவரமெல்லாம் இருக்கு. இன்னிக்கும் நல்ல ரகம் போறது இத்தாலிக்குதான், தலை மட்டும் தனியா காய வச்சு நைஜீரியாவுக்குப் போகுது.

காட் மீன் தவிர மீன் எண்ணெய், மீன் முட்டை, ஹெர்ரிங் மீன் எல்லாம் உண்டு. ஹெர்ரிங் கூட்டம் வந்த வருஷங்கள்ல யாவாரிக்குப் பணம் கொட்டும், வராத வருஷம் ஒண்ணும் கிடையாது.

அந்த மீனை எங்க கொண்டு போய் வித்தாங்க?

பேர்கனுக்கு. யெக்ட்னு ஒரு சரக்குப் படகு, ஒரே பாய்மரம், சதுரப் பாய், வயிறு பெருத்த மரப்படகு. காஞ்ச மீனை உள்ள நெறச்சு, மேல் தட்டையும் தாண்டி நடுவுல வைக்கோல் போர் மாதிரி அடுக்கிடுவாங்க. வருஷத்துக்கு ரெண்டு பயணம், காத்து எப்படி அடிக்குதோ அதைப் பொறுத்து போக வர வாரக்கணக்குல ஆகும். அங்க பேர்கன்ல ஹான்சா சங்கத்து ஜெர்மன் யாவாரிங்க சுமார் 1360லேர்ந்து 1754 வரைக்கும் தனி அலுவலகமே வச்சிருந்தாங்க, அவங்க போனதுக்கு அப்புறமும் மீன் அதே துறைக்குத்தான் போச்சு.

திரும்பி வர்றப்போ யெக்ட்ல என்ன வரும்னு நெனைக்கிறீங்க? முக்கியமா மாவும் தானியமும். வடக்குல கொஞ்சம் பார்லி விளையும், உருளைக்கிழங்கு வரும், அது ஒரு குடும்பத்துக்கு வருஷம் பூரா பத்தாது. அதனால இந்த மீன் அவங்களுக்கு யாவாரச் சரக்கு மட்டும் இல்ல, உலை வைக்கிற மாவே அதுலதான் வந்துச்சு. மாவோட கூட தூண்டில், கயிறு, சணல், காப்பி, சர்க்கரை, புகையிலை, துணி, சாராயம்.

யெக்ட் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஷெரிங்ஓய்ல தேடாதீங்க. பூடோல யெக்ட் மியூசியம் 2019ல திறந்தாங்க, அங்க 1876ல கட்டின ஆன்னா கரோலினேங்கிற யெக்டையே கட்டிடத்துக்குள்ள வச்சிருக்காங்க. மொதல்ல அதைப் பாத்துட்டு அப்புறம் ஷெரிங்ஓய் போனா ரெண்டும் மனசுல ஒட்டிக்கும்.

கணக்கு நோட்டுன்னு சொன்னீங்களே, அது என்ன?

இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லணும்னு நெனைக்கிறது.

கடைக்குள்ள போங்க. க்ராம்பூன்னு சொல்லுவாங்க. குறுக்க ஒரு நீள மர கவுண்டர், பின்னாடி சுவர் பூரா சின்னச் சின்ன இழுப்பறை, தராசு, மேலேர்ந்து தொங்குற சாமான். அந்த கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு நீங்க ஒரு மீனவர்னு நெனச்சிக்கோங்க. டிசம்பர் முடியப்போகுது. வெளிய இருட்டு. லோஃபோட்டனுக்குக் கிளம்பணும்னா தூண்டில் கயிறு வேணும், மூணு மாசத்துக்கு சாப்பாடு வேணும், வீட்டுல இருக்கிற பொண்டாட்டி புள்ளைங்களுக்கு மாவு வேணும். கையில காசு இல்ல. காசுங்கிறதே அங்க அவ்ளவா பொழங்கல. யாவாரி நோட்டைத் திறந்து உங்க பேருக்கு நேரா எழுதிப்பாரு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவீங்க.

சீசன் முடிஞ்சு மீனைக் கொண்டு வந்து அவருகிட்டயே போடணும். வேற யாருக்கும் போட முடியாது, ஏன்னா அவருக்கு பாக்கி இருக்கு. மீனுக்கு என்ன விலைன்னு சொல்றதும் அவரு, மாவுக்கு என்ன விலைன்னு சொல்றதும் அவரு. கழிச்சிப் பாத்தா கொஞ்சம் மிச்சம் நிக்கும், இல்ல பழைய பாக்கி அப்படியே இருக்கும். மறுபடி டிசம்பர் வரும், மறுபடி நோட்டு. அப்பன் பாக்கி மகன் தலையில ஏறின குடும்பமெல்லாம் உண்டு. நிலமும் பல இடத்துல யாவாரியோடதுதான், குடிசை போட்டு இருக்கிறதுக்கு அவருக்கு வேலை செஞ்சு கொடுக்கணும்.

உடனே யாவாரி அரக்கன்னு முடிவு கட்டாதீங்க. மீன் பொய்ச்ச வருஷத்துல அந்தக் கரையில ஜனங்க பட்டினி கெடக்காம இருந்ததுக்குக் காரணமும் அதே நோட்டுதான். மீனே கொண்டு வராத ஆளுக்கும் அவரு மாவு கொடுத்தாகணும், கொடுக்கலேன்னா அடுத்த வருஷம் மீன் பிடிக்க ஆளே இருக்காது. பேர்கன்ல இவருக்குக் கடன் கொடுத்த பெரிய யாவாரி வேற இருப்பான், இவரு அவனுக்கு பதில் சொல்லணும். படகுக்காரன்லேர்ந்து பேர்கன் வரைக்கும் எல்லாரையும் ஒரே கயிறு கட்டியிருந்துச்சு, அறுந்தா மொதல்ல கடல்ல விழுறது மட்டும் கீழ இருக்கிறவன்.

கடல்ல விழுறதுன்னு சும்மா பேச்சுக்கு சொல்லல. படகு கவுந்தா ஆளுங்க அடிப்பக்கம் ஏறி, இடுப்புல இருக்கிற கத்திய மரத்துல குத்தி அதைப் பிடிச்சிட்டுத் தொங்குவாங்க. அப்புறம் எங்கயோ ஒரு கரையில கவுந்த படகு ஒதுங்கும், கத்திங்க மட்டும் குத்தினபடி நிக்கும், ஆள் இருக்க மாட்டாங்க. கைப்பிடியில செதுக்கின அடையாளத்தைப் பாத்து இது யாரு புருஷன், யாரு மகன்னு கண்டுபிடிப்பாங்கன்னு வடக்குல தலைமுறை தலைமுறையா சொல்றாங்க. இதை மொத தடவை என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னப்போ எனக்குப் பேச்சே வரல. அந்த கவுண்டர்ல எழுதின பாக்கியத் தீக்கிறதுக்குத்தான் அந்தக் கடலுக்குப் போனாங்க. அதனாலதான் சொல்றேன், யாவாரி குடும்பம் இருந்த மெயின் வீட்டுல இருக்கிற பீங்கான் கோப்பையும் திரைச்சீலையும் பாத்துட்டு ஆஹான்னு நிக்கிறப்போ ஒரு நிமிஷம் கடைப் பக்கமும் மனசு போகணும்.

அங்க இருந்த யாவாரி யாரு? ஏதோ வயசான பொண்ணைக் கல்யாணம் பண்ண கதைன்னாங்களே?

1800களோட தொடக்கத்துல கிரிஸ்டன் ஸ்வெர்த்ருப்ங்கிறவரு கையில யாவாரம் இருந்துச்சு. அந்தக் குடும்பத்துப் பொண்ணு ஆன்னா எலிசபெத், அவங்களைக் கட்டின யென்ஸ் நிக்கொலாய் எல்லிங்சென் அடுத்த யாவாரி. அவரு இறந்ததுக்கு அப்புறம் அந்தம்மா கடையில வேலை பாத்துட்டு இருந்த எராஸ்முஸ் சால்ங்கிறவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சால் பொறந்தது 1826, அந்தம்மா அவரை விட கிட்டத்தட்ட 30 வயசு மூத்தவங்க.

டூர் வர்றவங்க இந்த இடத்துல சிரிப்பாங்க, எனக்கு அந்த சிரிப்பு பிடிக்கல. யோசிச்சுப் பாருங்க, அந்தக் காலத்துல புருஷன் போயிட்டா அவ்ளோ பெரிய மனையை, யெக்ட், குடோன், வேலைக்காரங்க, நூத்துக்கணக்கான குடும்பத்தோட பாக்கின்னு எல்லாத்தையும் ஒரு விதவை தனியா கட்டிக் காக்கணும். கடையோட ஒவ்வொரு மூலையும் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பக்கத்துல இருக்காரு. அந்தம்மா யாவாரத்துல பொறந்து யாவாரத்துல வளந்தவங்க, என்ன பண்றோம்னு தெரிஞ்சே பண்ண முடிவுன்னுதான் நான் நெனைக்கிறேன். அந்த முடிவு தப்பாப் போகல, சால் காலத்துலதான் ஷெரிங்ஓய் உச்சத்துக்குப் போச்சு, வடக்கு நார்வேல பெரிய பணக்காரங்கள்ல ஒருத்தரு ஆனாரு, ஷெரிங்ஓய் ராஜான்னே பேரு. கேட்டவங்களுக்கு உதவி பண்றவருன்னும் பேரு இருந்துச்சு. 1900ல இறந்துட்டாரு.

ஹாம்சுன்னு ஒரு எழுத்தாளருக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

க்னுட் ஹாம்சுன், 1920ல இலக்கியத்துக்கு நோபல் வாங்கினவரு. சின்ன வயசுல வளந்தது ஹாமரோய்ல, அது ஷெரிங்ஓய்க்கும் வடக்கால. ஏழைக் குடும்பம், பையனா இருக்கிறப்பவே ஒரு யாவாரி கடையில எடுபிடியா வேலை பாத்தவரு. 1879ல, 20 வயசு ஆகுற சமயத்துல, நான் எழுத்தாளன் ஆகணும், பணம் வேணும்னு சாலுக்கு லெட்டர் போட்டாரு. சாலும் பெரிய தொகையாவே கொடுத்தாரு. அந்தப் பணத்துல உக்காந்து எழுதின கதையை கோபன்ஹேகன்ல பதிப்பாளர் வேணாம்னு திருப்பிட்டாங்க. ஆனா பல வருஷம் கழிச்சு அவரோட நாவல்கள்ல சிரிலுண்ட்னு ஒரு யாவார மனை வருது, மாக்னு ஒரு யாவாரி வர்றாரு, அதுக்கு மாதிரி ஷெரிங்ஓயும் சாலும்தான்னு இங்க எல்லாரும் சொல்றாங்க.

ஒண்ணு மறைக்காம சொல்லணும். ரெண்டாம் உலகப்போர்ல நார்வே ஜெர்மன் பிடியில இருந்தப்போ இந்த மனுஷன் நாஜிங்க பக்கம் நின்னாரு, போருக்கு அப்புறம் கோர்ட்டு பெரிய அபராதம் போட்டுச்சு. இங்க பெரியவங்க பல பேருக்கு அந்தக் காயம் இன்னும் ஆறல. அவரு எழுத்தைப் பிடிக்கும்னு சொல்லுவாங்க, அதே மூச்சுல முகத்தைத் திருப்பிக்குவாங்க. கைடுகிட்ட கேட்டாலும் ரெண்டையும் சொல்லுவாங்க.

யாவாரம் ஏன் நின்னுச்சு?

நீராவிக் கப்பல் வந்துச்சு, தந்தி வந்துச்சு, அப்புறம் படகுக்கு மோட்டார் வந்துச்சு. தந்தி இருந்தா பேர்கன்ல மீன் என்ன விலைன்னு கரையில இருக்கிறவனுக்கும் தெரியும். மோட்டார் இருந்தா காத்துக்காக யாவாரி துறையில காத்துட்டு நிக்க வேணாம். பக்கத்துலயே வேற கடைங்க வந்துச்சு. சால் போனதுக்கு அப்புறம் மனை பழைய மாதிரி எழுந்திரிக்கல. 1959லேர்ந்து மியூசியம். வளராம நின்னதாலதான் இடிக்காம மிஞ்சிச்சு, வளந்த ஊருங்கள்ல பழசு எதுவும் இல்ல.

மியூசியத்துல எதை விடவே கூடாது?

கைடோட மெயின் வீட்டுக்குள்ள போங்க, சும்மா வெளிய சுத்திட்டு வராதீங்க. உள்ள சாமான் எல்லாம் அந்த வீட்டு ஆளுங்க இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கும். தரை பலகையில நடக்கிறப்போ சத்தம் வரும், ஜன்னல் கண்ணாடி பழசு, அது வழியா கடலைப் பாத்தா கோடு கொஞ்சம் நெளிஞ்சு தெரியும். அதுக்கு அப்புறம் கண்டிப்பா வேலைக்காரங்க இருந்த வீட்டுக்குப் போங்க, பெரிய வீட்டோட சாப்பாட்டு அறையையும் இவங்க படுத்த எடத்தையும் அடுத்தடுத்துப் பாத்தா நான் தனியா எதுவும் சொல்ல வேண்டியதே இல்ல. கடைசியா கடை, குடோன். தொழுவம் இருந்ததை அதே மாதிரி புதுசா கட்டி சால் தொழுவம்னு பேரு வச்சிருக்காங்க, டிக்கெட், காப்பி, கண்காட்சி எல்லாம் அங்கதான்.

கொஞ்சம் தள்ளி 1883ல கட்டின மரச் சர்ச் இருக்கு. வெளியேர்ந்து பாத்தாலும் போதும்.

எந்த மாசம் போகலாம்?

வீட்டுக்குள்ள பாக்கணும்னா ஜூன் கடைசியிலேர்ந்து ஆகஸ்ட். மத்த மாசத்துல போறதா இருந்தா திறந்திருக்கான்னு மியூசியத்துல கேட்டுட்டுப் போங்க. ஜூன் மொத வாரத்துலேர்ந்து ஜூலை மொத வாரம் தாண்டி கொஞ்ச நாள் வரைக்கும் சூரியன் மறையவே மறையாது. வெள்ளை மணல் பீச்சு நெறைய இருக்கு, தண்ணி பச்சையும் நீலமுமா பளிங்கு மாதிரி தெரியும், கால் வச்சா எலும்பு வரைக்கும் ஏறும். பின்னாடி ஸ்ட்ராண்டோ மலை ஒரே பாறையா செங்குத்தா நிக்கும். வானத்துல கழுகு மாதிரி பெருசா ஏதாச்சும் வட்டம் போட்டா அது வெள்ளைவால் கடல்கழுகு, இந்தப் பக்கம் நெறையவே உண்டு.

டிசம்பர் நடுவுல சூரியன் மலைக்கு மேல தலை காட்டாது, மத்தியானம் கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும், அவ்ளோதான். எனக்கு அதுவும் பிடிக்கும். அந்த வெளிச்சத்துல அந்தத் துறையில நின்னு பாத்தப்போதான் டிசம்பர்ல நோட்டுல எழுதிட்டு கிளம்பினவங்களை என்னால நெனச்சிப் பாக்க முடிஞ்சுது. வானவொளி (நார்தர்ன் லைட்ஸ்) பாக்கணும்னா செப்டம்பர் கடைசியிலேர்ந்து மார்ச், மேகம் இல்லாம இருக்கணும்.

எப்படிப் போறது?

ஆஸ்லோலேர்ந்து பூடோ ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரம். டைம் இருந்தா ட்ரொண்ட்ஹைம்லேர்ந்து ட்ரெயின்ல வாங்க, 729 கிலோமீட்டர், சுமாரா 10 மணி நேரம், நடுவுல ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுற மேட்டு நிலம் வரும், மரமே இல்லாம வெறும் பாறையும் பனியுமா இருக்கும், அதுக்காகவே வரலாம். பூடோலேர்ந்து 834ம் நம்பர் ரோட்டைப் பிடிச்சா ஃபெஸ்ட்வோக்ல ஃபெர்ரி நிக்கும், பத்து நிமிஷத்துல அந்தப் பக்கம் மிஸ்டன்ல இறக்கி விட்டுடும், அங்கேர்ந்து கொஞ்ச தூரம்தான்.

ஜூலை வீக்கெண்ட்ல ஃபெர்ரிக்கு கார் வரிசை நீளமா நிக்கும், சீக்கிரம் போயிடுங்க. திரும்பி வர கடைசி ஃபெர்ரி எத்தனை மணின்னு போறப்பவே பாத்து அலாரம் வச்சிடுங்க. மொத வருஷம் நாங்க வெளிச்சம் இருக்கே, சாயங்காலம்தானேன்னு பீச்சுல உக்காந்திருந்தோம், குழந்தை தூக்கம் வருதுன்னு அழுதப்போதான் மணியப் பாத்தோம், ராத்திரி பதினொண்ணு தாண்டிடுச்சு, ஃபெர்ரி போயிடுச்சு. கார்லயே படுத்து காலைல வந்தோம், ரெண்டு வயசுக் குழந்தையோட அந்த ராத்திரி ரொம்பக் கஷ்டமா போச்சு. சூரியன் மறையாத ஊர்ல வெளிச்சத்தை வச்சி டைம் கணக்குப் போடக்கூடாது.

சாப்பாடு? தங்குறது?

தங்க கேபினும் கேம்பிங்கும் இருக்கு, சம்மருக்கு ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும். சைவம் சாப்பிடுறவங்க பூடோலயே அரிசி பருப்பு காய்கறி வாங்கிட்டுப் போயிடுங்க. மீன் சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், காஞ்ச காட் மீனை ஊற வச்சு நம்ம புளிக்குழம்புல போட்டுப் பாத்தேன், சதை பட்டை பட்டையா பிரிஞ்சு நல்லாவே வந்துச்சு, ஆனா உப்பில்லாத மீன்ங்கிறதை மறந்துடாதீங்க, கருவாட்டுக் குழம்புக்குப் போடுற உப்பு பத்தாது.

அந்தப் பக்கம் தமிழ் ஆளுங்க யாராச்சும்?

ஷெரிங்ஓய்ல யாரையும் நான் பாத்ததில்ல. ஆனா இன்னும் வடக்கால ஃபின்மார்க் கரையில, போட்ஸ்ஃபியோர்டு மாதிரி மீன்பிடி ஊருங்கள்ல, 1980கள் 90கள்ல இலங்கைத் தமிழர்கள் நெறைய பேரு மீன் ஃபேக்டரி வேலைக்கு வந்தாங்க. போர்லேர்ந்து தப்பிச்சு வந்தவங்க. இருட்டுக் காலத்துல, ரப்பர் பூட்ஸ் போட்டு, மீன் சதையைத் துண்டு போடுற பெல்ட்ல நின்னு இதே காட் மீனைத்தான் அறுத்தாங்க, உள்ளூர் ஆளுங்க விட்டுட்டுப் போன வேலையை இவங்கதான் தூக்கிப் பிடிச்சாங்க. அப்புறம் பல பேரு ஆஸ்லோ பக்கம் போயிட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்களை ஷெரிங்ஓய் கூட்டிட்டுப் போனேன், குடோன்ல மீன் நாத்தம் இன்னும் மரத்துல ஒட்டியிருக்குன்னாங்க, எனக்கு எதுவும் தெரியல, அவங்க ரொம்ப நேரம் அந்த சுவருல கை வச்சிட்டு நின்னாங்க.

வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமா. வளாகம் சின்னது, மெதுவா நடக்கலாம். பழைய வீடுங்க எல்லாம், வாசப்படி உயரம், மாடிப்படி குறுகல், முட்டி வலி இருக்கிறவங்க கீழ்த்தளம் பாத்தாலே போதும். கைடு நார்வேஜியன், இங்கிலீஷ் ரெண்டுலயும் சொல்லுவாங்க, பெரியவங்களுக்கு நீங்க தமிழ்ல சொல்லிக் கொடுங்க, கருவாடு, பாக்கி, முன்பணம்னு சொன்னா அவங்க நம்மள விட சீக்கிரம் புரிஞ்சிக்குவாங்க.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, லோஃபோட்டனா ஷெரிங்ஓயா?

ஒரே நாள்னா ஷெரிங்ஓய். லோஃபோட்டனுக்குப் போக வரவே அந்த நாள் போயிடும், அதுக்கு மூணு நாளாச்சும் வேணும். காலைல பூடோல யெக்ட் மியூசியம் திறந்த உடனே ஒரு மணி நேரம் அங்க, உடனே கிளம்பி ஃபெர்ரி, மத்தியானம் கைடோட வீடு, அப்புறம் வேலைக்காரங்க வீடு, கடை, குடோன். நல்ல வானமா இருந்தா துறை ஓரமா நின்னு மேக்கால பாருங்க, வெஸ்ட்ஃபியோர்டுக்கு அந்தப் பக்கம் பல்லு பல்லா ஒரு மலை வரிசை தண்ணியில மிதக்குற மாதிரி தெரியும். அதுதான் லோஃபோட்டன். அவ்ளோ தூரத்தைத்தான் ஜனவரியில திறந்த படகுல துடுப்பு போட்டும் பாய் கட்டியும் தாண்டினாங்க.